கொடிமரத்தின் வால்

பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கிறவர்கள் பெரிய சாமான் எதையும் வாங்குமுன் இரண்டு பேரிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்று வீட்டுக்காரி, இன்னொன்று கோட்டை வாசல். வீட்டுக்காரியிடம் எப்படியாவது பேசிப் பார்க்கலாம். வாசல் கருங்கல். பகைவனை உள்ளே விடாமல் இருக்க மார்த்தாண்டவர்மா காலத்தில் பலப்படுத்திய கோட்டை இது. பகைவர்கள் வருவது நின்று இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் சுவர் தன் வேலையை விடவில்லை. சீர்வரிசை பீரோ, பந்தல் இரும்பு ஏற்றிய டெம்போ, போர்வெல் லாரி என்று எது வந்தாலும் ஒருமுறை நிறுத்தி யோசிக்க வைத்துத்தான் உள்ளே விடும்.

ஊரின் நிலவரமும் கொஞ்சம் விசித்திரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம் உட்பட நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இன்றைய தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. ஆக, அரண்மனைக்கு டிக்கெட் கிழிக்கிறவருக்குச் சம்பளம் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது; டிக்கெட் வாங்க வந்தவரின் காரை எங்கே நிறுத்துவது என்று வாசலில் சண்டை போடுகிறவர் தமிழ்நாட்டுக்காரர். இரண்டு அரசாங்கத்தை ஒரே தெருவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் நாங்கள். மனு, நகல், சான்றொப்பம், ஆட்சேபணையின்மைச் சான்று எல்லாம் இங்கே பிள்ளைகள் பால்குடி மறக்கும் முன்பே கற்றுக்கொள்ளும் சொற்கள்.

எங்கள் குடும்பக் கோவில் சின்னக் கோவில். கொடிமரத்தில் கரையான் ஏறியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேவப்பிரசன்னம் வைத்து, ஜோதிடர் சோழி உருட்டி, “கொடிமரத்துக்கு உள்ளே ஜீவன் இல்லை” என்று சொன்ன பிறகுதான் கமிட்டி கூடியது. சித்தப்பா தலைவர். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் மனு எழுதும் பொறுப்பு எனக்கு. “பத்திரிகைக்கு எழுதுனா ஆரு வாசிக்கா? மனுன்னா ஒரு கிளார்க்காவது வாசிப்பான் மக்கா” என்றார் சித்தப்பா. வாசகரைப் பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

கொடிமரத்துக்கு மரம் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். தேக்காக இருக்க வேண்டும். வளைவு, பொந்து, இடி விழுந்த தழும்பு எதுவும் இருக்கக்கூடாது. அடியிலிருந்து நுனிவரை ஒரே தடி. வெட்டும்போது தரையில் படக்கூடாது. கயிறோ கிரேனோ போட்டுத் தாங்கி எடுக்க வேண்டும். அப்புறம் எண்ணெய்த் தோணியில் மாசக்கணக்கில் கிடத்த வேண்டும். தேக்குக்குப் பேர்போன இடம் கேரளத்துக் கோன்னி. சபரிமலையில் 2017 ஜூனில் பிரதிஷ்டை செய்த கொடிமரமும் அந்தப் பக்கத்துத் தேக்குதான். நாங்களும் அங்கேயே போய் ஒருவரின் விளையில் மரத்தைக் கண்டுபிடித்தோம். 52 அடி. ஆசாரி நூல் பிடித்து, சுற்றளவை நாலில் ஒன்றாக்கிப் பெருக்கி, எண்பது கன அடிக்குச் சற்று மேல் என்றார். எடை இரண்டு டன்னையொட்டி வரும். செங்கல் லாரிக்காரர் கேட்டால் சிரிப்பார். பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. நீளம்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்று ஒன்று இருக்கிறது. அதன் 93-ஆவது விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. டிரெய்லர் இல்லாத தனி லாரி என்றால் நீளம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. 40 அடி டிரெய்லரே பிடித்தாலும் எங்கள் தடி பின்னால் 12 அடி நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நீட்டினால் என்ன ஆகும் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு சுருக்கமாகச் சொல்லிவிட்டது: 20,000 ரூபாய் அபராதம், நீட்டியதை இறக்கும் கூலியும் நம் தலையில். எடை போட வண்டியை நிறுத்து என்று சொல்லி நிறுத்தாவிட்டால் 40,000. ஆனால் உரிய அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால் நீட்டல் குற்றம் ஆகாது. டிரைவர்கள் இதை ‘ஓ.டி.சி. பெர்மிட்’ என்பார்கள்.

சித்தப்பாவுக்கு வேறொரு யோசனை இருந்தது. சபரிமலைத் தடியைப் பம்பையிலிருந்து சன்னிதானத்துக்குத் தோளில்தானே தூக்கிப் போனார்கள்? தோளுக்குப் பெர்மிட் கிடையாதே? சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. பம்பையிலிருந்து சன்னிதானம் சில கிலோமீட்டர். கோன்னியிலிருந்து பத்மநாபபுரம் நூற்றைம்பது கிலோமீட்டரையொட்டி வரும். கமிட்டியில் தோள்வலித் தைலம் வாங்காதவர் யார் என்று கணக்கெடுத்தோம். தீர்மானம் கைவிடப்பட்டது.

அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். கோளாறு படிவத்தில்தான். மொத்தம் எத்தனை அச்சு, அச்சு ஒன்றுக்கு எத்தனை டன், வழியில் உள்ள பாலங்களின் பட்டியல், சுமையின் வரைபடம், சரக்கின் வகை. வகைக்கு நேராகக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள்: டிரான்ஸ்பார்மர், பாய்லர், காற்றாலை இறகு, இயந்திர உதிரிபாகம். மரம் இல்லை. ‘இதர’ என்று ஒரு கட்டம் எல்லா அரசுப் படிவத்திலும் கடைசியில் அநாதையாக நிற்குமே, அதுகூட இல்லை.

“வரைபடம் கட்டாயம் சார்” என்றார் உதவியாளர்.

“தடிக்கு என்ன வரைபடம்?”

“முன்பார்வை, பக்கப்பார்வை, மேற்பார்வை.”

இன்ஜினியரிங் படிக்கிற மருமகன் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தான். முன்பார்வை: ஒரு வட்டம். பக்கப்பார்வை: ஒரு கோடு. மேற்பார்வை: அதே கோடு. மூன்று தாளிலும் ‘அளவுகோல்படி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இத்தனை தெளிவான பொறியியல் வரைபடத்தை அந்த அலுவலகம் பார்த்திருக்காது என்று மருமகன் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அடுத்ததுதான் சரியான சிக்கல். பிரிக்க முடியாத சுமைக்கு மட்டுமே இந்த அனுமதி. பிரித்து ஏற்றக்கூடியதை ஒன்றாக ஏற்றிவந்து சாலையை அடைக்கக்கூடாது. நியாயமான விதி. ஒரு நெல் மூட்டைக்காரர் நூறு மூட்டையைச் சேர்த்துத் தைத்து ஒரே மூட்டை என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? ஆகவே உதவியாளர் கேட்டார், குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்: “இதை ரெண்டா வெட்டி ஏத்த முடியாதா ஐயா?”

சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பி, கொடிமரத்தை ரெண்டா வெட்டுனா அதுக்குப் பேரு உத்திரம். நாலா வெட்டுனா கட்டில்கால். எட்டா வெட்டுனா விறகு. எங்களுக்கு வேண்டியது கொடிமரம்.”

“புரியுது ஐயா. ஆனா பிரிக்க முடியாதுன்னு ஆராவது சான்று தரணும்.”

“ஆரு தரணும்?”

“தயாரிப்பாளர்.”

அறையில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. தேக்கு மரத்தின் தயாரிப்பாளர் யார் என்பது ஆதிசங்கரர் வரைக்கும் போகக்கூடிய விசாரம். கடைசியில் எங்கள் கோவில் தந்திரியிடம் போனோம். ‘துவஜஸ்தம்பம் அகண்டமாக இருத்தல் வேண்டும்’ என்று அவர் மலையாளத்தில் எழுதி, நடுவில் ஒரு சம்ஸ்கிருத வாக்கியமும் சேர்த்துக் கொடுத்தார். அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தமிழாக்கமும் சான்றொப்பமும் கேட்டார்கள். எடுத்துக்கொடுத்தோம். ஒரு ஆகம விதி, மோட்டார் வாகன விதியின் இணைப்பாகக் கோப்பில் ஏறிய சரித்திர நிகழ்ச்சி இப்படி நடந்தது.

இந்தப் படிவங்களைத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்முன் இருந்தவை ராட்சதச் சுமைகள். 2019 ஜூலை 8-ஆம் தேதி மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. 74 டயர். அதன்மேல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கான ஆட்டோகிளேவ். ராக்கெட் பாகங்களை அழுத்தத்தில் வேகவைக்கும் பெரிய அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 70 டன், உயரம் ஏழரை மீட்டர், அகலம் 6.65 மீட்டர். சுமார் 1,700 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து அது வந்து சேர்ந்தது 2020 ஜூலை 19-ஆம் தேதி. ஒரு வருஷத்துக்கு மேல். ஊரடங்கு வந்து நடுவழியில் மாட்டிக்கொண்டதையும் சேர்த்து, சராசரி ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தேறாது. மரத்தை வெட்டி, மின்கம்பத்தை நகர்த்தி, ஒயரை அவிழ்த்து, போகப் போக வழி உண்டாக்கிக்கொண்டே வந்தது. எங்கள் கோவில் நவராத்திரியும் சிவராத்திரியும் அது வரும் வழியிலேயே கழிந்துபோயின.

வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையில் வெட்டிய 64 அடி பெருமாள் சிலையின் கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். 240 டயர் வண்டியில் 2018 டிசம்பரில் கிளம்பி, பெங்களூர் ஈஜிபுராவுக்கு 2019 ஜூனில் போய்ச் சேர்ந்தார். வழியில் கடை முகப்புகளும் வீடுகளின் முன்பகுதிகளும் இடிபட்டன. தென்பெண்ணையாற்றைத் தாண்ட தனியாக மண்பாதை போட்டார்கள். பெருமாள் மூன்றடி மண் கேட்டதாகத்தான் படித்திருக்கிறோம். இந்த முறை மாவட்டம் மாவட்டமாகச் சாலையைக் கேட்டார், கொடுத்தார்கள்.

பிரான்ஸில் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பாகங்களை துலூஸ் நகருக்குக் கொண்டுபோக லாங்கோன் என்ற ஊரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் சாலையையே அகலப்படுத்தினார்கள். வழியில் லெவின்யாக் என்றொரு கிராமம். ராத்திரி விமானத்தின் உடல்பகுதி அந்தத் தெரு வழியே போகும்போது வீட்டு ஜன்னலுக்கும் அதற்கும் இடையில் சில விரற்கடைதான் இடைவெளி. ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். அந்த விமானத்தைத் தயாரிப்பதையே 2021-இல் நிறுத்திவிட்டார்கள். சாலை மட்டும் அகலமாகக் கிடக்கிறது.

வேடிக்கை என்றதும் தும்பா ஞாபகம் வருகிறது. கேரளத்தில் நோக்குகூலி என்றொரு வழக்கம் இருந்தது. சுமையை நீங்களே இறக்கிக்கொண்டாலும், மெஷின் இறக்கினாலும், பக்கத்தில் நின்று நோக்கியதற்குக் கூலி. 2018 மே 1 முதல் அரசாங்கம் அதை ஒழித்தது. தேர்ந்தெடுத்த தேதி தொழிலாளர் தினம். மூன்று வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், தும்பாவில் இருக்கும் அதே விண்வெளி மையத்துக்கு 184 டன் இயந்திரத்தோடு வந்த வண்டியை மறித்து உள்ளூர்க்காரர்கள் 10 லட்சம் ரூபாய் கேட்டார்கள். ராக்கெட்டுக்கே அந்த மரியாதை என்றால் எங்கள் தடிக்கு எப்படியோ என்று சித்தப்பா நடுங்கிக்கொண்டிருந்தார். கோன்னியில் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. தடியை கிரேன் தூக்கும்போது வேலையை நிறுத்திவிட்டு ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். நோக்கியது இலவசம்.

இதற்குள் ‘ரூட் சர்வே’ என்ற பெயரில் பாலங்களின் பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்கு. இரண்டு டன் தடிக்குப் பாலம் உடையாது என்று எடுத்துச் சொன்னேன். உதவியாளர் ஒரு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்: 385 டன் சிறப்பு வாகனம் என்றால் பாலத்தின் நடுக்கோட்டில், மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மிகாமல், வேறு வண்டி எதுவும் பாலத்தில் இல்லாதபோது போக வேண்டும்.

“இது ஆரு போட்ட சட்டம்?” என்றார் சித்தப்பா.

“இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஐயா. 1934-லேயே வந்தது.”

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி தலைமையில் நடந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர். “அதுல நம்ம நேசமணி உண்டா?” என்று கேட்டார். அது பொறியாளர்களின் அமைப்பு, கட்சி இல்லை என்று விளக்கிச் சொல்வதற்குள் அன்றைய அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

மறுபடி போனபோது சித்தப்பா தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு எங்கள் ஊர்த் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானைமேல் ஏறித் திருவனந்தபுரம் போகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் கூடப் போகிறார்கள். அரண்மனை உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்யும். களியக்காவிளையில் கேரளம் வரவேற்கும். சுவாதித் திருநாள் காலத்திலிருந்து நடக்கிற காரியம். “அந்த ஆனைக்க நீளம், அகலம், உயரம் ஆராவது கேட்டியளா? ஆனைக்குப் பின்னால வால் நீட்டிக்கிட்டுத்தானே போகுது? அதுக்குச் சிவப்புக் கொடி கெட்டுனியளா?”

உதவியாளர் பேனாவை வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார். “ஐயா, ஆனைக்கும் இப்பம் வனத்துறை காயிதம் எல்லாம் உண்டு. ஆனா அது மோட்டார் வாகனம் இல்ல. அதுக்க காலுல அது நடக்குது. உங்க தடி நடந்து வருமானா நாங்க ஒண்ணும் கேட்க மாட்டோம்.”

இதற்கு எங்கள் தரப்பில் பதில் இல்லை. அவரே மனமிரங்கி, கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்துக் கொடுத்தார். அனுமதி வந்தது. நீளம், அகலம், உயரம், வழி, இரவு நேரம், எல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தது.

புறப்பட்ட ராத்திரிதான் பெர்மிட்டுக்கும் சாலைக்கும் உறவு எவ்வளவு என்று தெரிந்தது. டிரெய்லர் முதலாளி கூட ஒருவரை அனுப்பியிருந்தார். மெலிந்த ஆள், கைலி, தோளில் துவர்த்து, கையில் அவரைப்போல மூன்று மடங்கு உயரமான மூங்கில் கம்பு. கம்பின் நுனியில் குறுக்காக ஒரு சின்னக் கட்டை. அதன்மேல் சைக்கிள் டியூபை இறுக்கச் சுற்றியிருந்தார். ஒயர் வழுக்காது, கரண்டும் அடிக்காது என்றார். வண்டிக்கு முன்னால் ஓடி, தாழத் தொங்கும் கேபிள் டிவி ஒயரை, கல்யாண பேனர் கயிற்றை, கட்சித் தோரணத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலை. வளைவு வந்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார். தடியின் வால் எந்தக் கடை ஷட்டரைத் தொடும், எந்த வீட்டுத் திண்ணையைத் துடைக்கும் என்று ஒரு நோட்டத்தில் கணக்குப் போட்டு, தரையில் சுண்ணாம்பால் கோடு கிழிப்பார். முன்சக்கரம் அந்தக் கோட்டில் ஏறினால் வால் பிழைத்தது. நான் அவரிடம் பெருமையாக அனுமதிக் காகிதத்தைக் காட்டினேன். “காயிதம் உங்க பாக்கெட்டுல இருக்கட்டு சாரே. கம்பு எனக்க கையில இருக்கட்டு” என்றார்.

தடியின் வாலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், இரவில் சிவப்பு விளக்கும் வேண்டும். சித்தப்பா அம்மன் நடையில் சாத்திய வீராளிப்பட்டைக் கொண்டுவந்து கட்டினார். சட்டத்துக்கும் சாமிக்கும் ஒரே துணி போதுமானது அநேகமாக அன்று மட்டும்தான். விளக்குக்குச் சித்தி கார்த்திகைக்கு வாங்கிய சீரியல் செட்டை பேட்டரியில் மாட்டினோம். அது சிவப்பாக எரிந்து, பச்சையாகி, பிறகு ஓடுகிற மாதிரி மினுங்கியது. நெய்யாற்றின்கரையில் ஒரு பைக்காரர் அதைக் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து வெகுதூரம் பின்னாலேயே வந்தார்.

குழித்துறை, மார்த்தாண்டம், சாமியார்மடம், அழகியமண்டபம் எல்லாம் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. தக்கலைக்குச் சற்று முன்னால் போலீஸ் நிறுத்தியது. ஏட்டு காகிதத்தை வாங்கி டார்ச் அடித்துப் படித்தார். இறங்கி டேப் பிடித்து அளந்தார். நீளம் சரி. அகலம் சரி. உயரம் சரி. நேரம் சரி. பிறகு தடியை மேலும் கீழும் பார்த்தார். மாலை, மஞ்சள், குங்குமம், வீராளிப்பட்டு. மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

“சரக்கு: இயந்திர உதிரிபாகம்னு போட்டிருக்கு. எந்த மெஷினுக்கு?”

சித்தப்பா டிரெய்லரிலிருந்து இறங்காமலே சொன்னார்: “உலகத்தை ஓட்டுகவனுக்கு.”

ஏட்டு சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியை விட்டார். அளவும் நேரமும் சரியாக இருந்து பொருள் மட்டும் தப்பாக இருந்ததால் நாங்கள் போக முடிந்தது. பொருள் சரியாக எழுதி அளவில் ஓரடி தப்பியிருந்தால் அங்கேயே 20,000. கோட்டை வாசலில் கம்புக்காரர் சுண்ணாம்புக் கோட்டைக் கிழித்து அழித்து, கிழித்து அழித்து, விடிவதற்குள் வாலையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். அவருக்குக் கூலி கொடுத்தபோது அது பெர்மிட் கட்டணத்தைவிடக் குறைவு என்பதைச் சித்தப்பா கவனித்து, உள்ளே போய் ஒரு வேட்டியும் எடுத்து வந்தார்.

சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்தில் கோவிலுக்குக் கொடிமரம் உண்டு, வேதக்கோவிலுக்கும் கொடிமரம் உண்டு, குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் லாரியில் ஏறும் வள்ளம் உண்டு. இவை எதுவும் டிரான்ஸ்பார்மரோ பாய்லரோ இல்லை. 74 டயரும் கேட்பதில்லை. ஒரு பத்து பன்னிரண்டு அடி பின்னால் நீட்டும், அவ்வளவுதான். ஆகவே அந்தப் படிவத்தில், இயந்திர உதிரிபாகத்துக்குக் கீழே இரண்டு கட்டம் சேர்த்துக் கொடுங்கள்: ஒன்று ‘மரத்தடி’, இன்னொன்று ‘இதர’. பிரிக்க முடியாது என்ற சான்றுக்குத் தந்திரி, பங்குத்தந்தை, வள்ளம் கட்டும் ஆசாரி மூவரில் ஒருவர் கையெழுத்துப் போதும் என்றும் ஒரு வரி போட்டுவிட்டால் நல்லது.